உன் ஐந்து லூப்களை நான் அழிக்கவில்லை

ஏய்,

இன்று மத்தியானம் உன் லேப்டாப்பைத் தலைகீழாகப் பிடித்து இரண்டு தட்டு தட்டினேன். ஸ்பேஸ் பட்டன் பாதி அழுந்தி, பாதியில் நின்று அடம் பிடித்தது. உள்ளேயிருந்து கொட்டியது தூசு இல்லை, முறுக்கு. பொடிப்பொடியாக, எள் ஒட்டிக்கொண்டு, போன தீபாவளிக்கோ அதற்கும் முந்தியதற்கோ நீ கடித்துச் சிந்திய முறுக்கு. மேசை முழுக்க ஓம வாசனை. ஒரு கையில் முறுக்கு, ஒரு கையில் டைப்பிங் என்றுதானே உட்கார்ந்திருப்பாய். "கீபோர்டுல சிந்துது பாரு டி" என்று நான் கத்தினால், "அதுக்கும் பசிக்கும் லா" என்பாய்.

அந்தப் பொடியைத் துடைக்காமல் ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். சொல்ல வேண்டிய செய்தி பெரியது. உன் ப்ரோகிராம் ஓடிவிட்டது. நீ இல்லாத முதல் தீபாவளியிலும் ஓடிவிட்டது. அதுவும் எப்படி ஓடியது தெரியுமா!

இரு, வரிசையாகச் சொல்கிறேன். அவசரப்பட்டால் நான் எல்லாவற்றையும் குழப்பிவிடுவேன் என்று உனக்குத் தெரியும்.

உன்னை நான் முதலில் பார்த்தது கூலிங் கிளாஸ் போட்ட ஒரு பூனைப் படமாகத்தான். தமிழில் கோடிங் கற்றுக்கொள்ளும் அந்த ஆன்லைன் குழுவில் மதுரைக்காரர் இருப்பார், துபாய்க்காரர் இருப்பார், யார் எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. நான் அப்போதுதான் வீடியோ மேல் வீடியோவாகப் பார்த்து ஜாவா ப்ரோகிராம் மொழியில் ஸ்ட்ரீம் என்ற ஒன்றைக் கண்டுபிடித்திருந்தேன். கண்டுபிடித்தது நானே என்பது போலத்தான் குதித்தேன். "மக்களே, இனிமே என் வாழ்க்கையில for லூப் எழுத மாட்டேன்!!!" என்று போட்டு, கூடவே ஏழெட்டு நெருப்பு ஸ்டிக்கர். எல்லாரும் பதிலுக்கு நெருப்பு வைத்தார்கள். பூனை மட்டும் கேட்டது: "என் லூப் உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?"

அன்று சாயந்திரம் முழுக்கச் சண்டை. நான் உன்னைப் பழைய காலத்து ஆள் என்றேன். நீ அலட்டிக்கொள்ளாமல் சாப்பிட்டுக்கொண்டிருப்பதைக் காட்ட உன் தட்டைப் படம் எடுத்துப் போட்டாய். படத்தின் மூலையில், காலி நாற்காலிக்கு எதிரே மேசைமேல் ஒரு டிஷ்யூ பாக்கெட். இடம் பிடிக்க டிஷ்யூ பாக்கெட் வைக்கிற ஊர் உலகத்தில் எத்தனை இருக்கிறது? "ஏய், நீ சிங்கப்பூரா?" என்று கேட்டேன். "பின்ன?" என்றாய். "புக்கிட் பாத்தோக். நீ?" நான் சிராங்கூன் சாலையில் கைப்பேசி உறை விற்கும் கடையில் நின்றுகொண்டுதான் உன்னோடு சண்டை போட்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு தேக்கா உணவங்காடியில் சந்தித்தோம். பூனைக்குப் பின்னால் ஒரு வில்லனை எதிர்பார்த்து வந்தால், கப்பல் கம்பெனியில் கிளார்க் வேலை பார்க்கிற ஒல்லிப் பெண் ஒருத்தி, பெரிய பையோடு உட்கார்ந்து தே ஓ கோசோங் குடித்துக்கொண்டிருந்தாள். பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. "இதை எப்படிக் குடிக்கிற?" என்றதற்கு, "உன் ஸ்ட்ரீம் மாதிரி. தேவையில்லாததை எல்லாம் எடுத்தாச்சு" என்றாய். உன்னை எனக்குப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான். நாம் இருவருமே கம்ப்யூட்டர் படிப்புக்காக எந்த வகுப்பிலும் உட்கார்ந்ததில்லை. உனக்கு ஒரு தடித்த பழைய புத்தகம், எனக்கு இன்டர்நெட். அவ்வளவுதான் நம் தகுதி.

பிறகு பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து உன் ப்ரோகிராமைக் காட்டினாய்.

ஒவ்வொரு தீபாவளிக்கும் அக்கம்பக்கத்தை எல்லாம் ஒன்று சேர்க்கும் செல்வி அக்கா வீட்டில் பலகாரம் சுட்டு, தனியாக இருக்கும் முதியவர்களின் வீட்டுக் கதவுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது உங்கள் ஏரியாவில் வழக்கம். அதில் செல்வி அக்காவின் கண்டிப்பான விதி ஒன்று உண்டு. ஒரு கதவில் கொடுத்தால் இந்தப் பக்கத்து வீடு, அந்தப் பக்கத்து வீடு இரண்டுக்கும் கொடுக்க வேண்டும். சீனரோ மலாய்க்காரரோ, யாராக இருந்தாலும். "காரிடார்ல வாசனை எல்லா வீட்டுக்கும்தானே போகுது, பலகாரம் மட்டும் ஒரு வீட்டுக்கா?" என்பது அவருடைய நியாயம். இதை எல்லாம் ஒரு காலத்தில் அவர் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜாகப் போடுவாராம். ஒவ்வொன்றும் ஒரு சொற்பொழிவு. பாதி பேர் கேட்காமலேயே கிளம்பி, ஒரே கதவை மூன்று பேர் தட்டுவார்களாம். அதற்காகத்தான் நீ அதை எழுதியிருந்தாய்.

ஐந்து லூப், ஒவ்வொன்றும் திரும்பத் திரும்ப ஓடும் ஒரு சுற்று. ஒன்றுக்குள் ஒன்று. ஊர், ஊருக்குள் அடுக்குமாடி புளோக், புளோக்குக்குள் மாடி, மாடிக்குள் வீடு, வீட்டுக்குள் அதன் பக்கத்து வீடுகள். ஒவ்வொரு லூப்புக்கும் ப்ரோகிராமின் கோடு, அதாவது நீ எழுதிய வரிகள், கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் தள்ளித் தள்ளி, கடைசி வரி திரையின் ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

"இது கோடு இல்ல டி, படிக்கட்டு" என்றேன்.

"இருக்கட்டும். படிக்கட்டுல ஏறினா கால் வலிக்கும், ஆனா எந்த மாடியில நிக்கிறோம்னு தெரியும்."

"இங்க பாரு. ஸ்ட்ரீம்னா சாங்கி ஏர்போர்ட் பெல்ட் மாதிரி. நீ எங்கயும் ஏற வேண்டாம். நின்ன இடத்துல நில்லு. பெட்டி எல்லாம் ஒண்ணொண்ணா உன் முன்னாடி வரும். வேண்டாததை விடு, வேணுங்கறதை எடு."

நீ ஒரு மிடறு குடித்தாய். "பெட்டில டேக் இல்லன்னா அது யாருதுன்னு எப்படித் தெரியும்?"

"அதெல்லாம் தெரியும் லா!"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று அன்றைக்கு எனக்குத் தெரியவும் இல்லை.

உன் கோடில் நான் மிகவும் கிண்டலடித்தது அந்தக் கூடையைத்தான். நடுவில் ஒரு வீடு, அதன் இரண்டு பக்கமும் இரண்டு தாத்தாக்கள் என்றால், நடு வீட்டுக்கு இரண்டு தடவை பலகாரம் போய்விடும் இல்லையா? அதைத் தடுக்க ஒவ்வொரு மாடிக்கும் நீ புதிதாக ஒரு காலிக் கூடை எடுத்தாய். கொடுக்க வேண்டிய கதவு எண்களை அதில் போடுவாய். ஏற்கெனவே இருக்கும் எண்ணை இரண்டாவது முறை போட மாட்டாய். மாடி முடிந்ததும் கூடை போய்விடும். அடுத்த மாடிக்கு வேறு கூடை.

"மாடிக்கு ஒரு கூடையா? எவ்வளவு வேஸ்ட்! எல்லாத்தையும் ஓட விட்டு, கடைசியில ஒரே ஒரு தடவை 'திரும்ப வந்ததை நீக்கு'ன்னு சொன்னா முடிஞ்சுது."

"நீ எழுதிக் காட்டு. நான் மாத்திக்கிறேன்."

எழுதிக் காட்டவே இல்லை. பேசுவதற்கு வேறு எத்தனையோ இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகள் அப்படியே போயின. பிறகு நீ காய்ச்சல் என்றாய், அடுத்த வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து கூலிங் கிளாஸ் பூனையை அனுப்பினாய், அதற்கு அடுத்த வாரம் பூனையும் வரவில்லை. இதைப் பற்றி இன்று இதற்கு மேல் எழுதப்போவதில்லை. இது ஜெயித்த கதை சொல்கிற கடிதம்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு உன் அம்மாவைப் பார்க்கப் போனேன். யாழ்ப்பாணத்துப் பேச்சு இன்னும் விடாத உன் அம்மா, லேப்டாப்பை ஒரு துண்டில் சுற்றிக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

"பிள்ளை, இதுக்குள்ள அவள் எழுதினதெல்லாம் கிடக்காம். செல்வி சொன்னவ. அழிச்சுப் போடாதே, என்ன?"

"அழிக்க மாட்டேன் ஆன்ட்டி."

"சும்மா வச்சிருக்கச் சொல்லேல்ல. அது வேலை செய்யோணும்."

நான் தலையாட்டினேன். பேருந்தில் திரும்பி வரும்போதுதான் உறைத்தது. வைத்திருப்பது எனக்குச் சுலபம். பழைய வரியை எல்லாம் ஆன்லைனில் ஏற்றிவிட்டால் பத்திரமாக இருக்கும், யாரும் தொடாமல், கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது போல. வேலை செய்ய வைப்பதல்லவா உன் அம்மா கேட்டது?

இந்த வருஷம் செல்வி அக்கா இரண்டு புதுசு கொண்டுவந்தார். சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு அதிரசம் இல்லாத காரப் பொட்டலம். இது ஒன்று. இதுவரை புக்கிட் பாத்தோக்கும் புக்கிட் பாஞ்சாங்கும் மட்டும்தானே, இனி ஜூரோங்கும் உண்டு. இது இரண்டு.

முதலில் உன் படிக்கட்டிலேயே ஏறிப் பார்த்தேன், சத்தியமாக. நாலாவது லூப்புக்குள் சர்க்கரை விதியைச் செருகினேன். ஓட விட்டால், ஒரு பாட்டிக்குச் சர்க்கரை என்றதும் அந்த மாடியில் அவருக்கு அடுத்த வீடுகள் அத்தனையும் மாயம். 'இதைத் தாண்டிப் போ' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'நிறுத்து' என்று சொல்லியிருக்கிறேன். அதைச் சரி செய்தேன், பக்கத்து வீடுகள் போயின. அதைச் சரி செய்தேன், புக்கிட் பாஞ்சாங்கே போனது. உன் படிக்கட்டில் ஏறத் தெரிந்த ஒரே ஆள் நீதான்.

செல்வி அக்கா மாவு பிசைந்த கையோடு என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"அம்மாடி, இது என்ன ஒவ்வொரு தடவையும் ஒரு ஊரைத் தின்னுது?"

"சரி பண்ணிடுவேன்க்கா."

"வியாழக்கிழமை சாயந்திரம் எந்தக் கதவுக்கு எந்தப் பொட்டலம்னு எனக்குத் தெரிஞ்சாகணும். இல்ல, இதை மூடி வச்சிட்டு நான் வாய்ஸ் மெசேஜ் போட ஆரம்பிச்சிடுவேன்."

"ஐயோ, வேண்டாம்க்கா!"

"ஏன், என் குரலுக்கு என்ன?"

நான் லேப்டாப்பின் பக்கம் திரும்பிக்கொண்டேன். வாட்ஸ்அப்புக்குத் திரும்பிவிட்டால் உன் ப்ரோகிராமை இனி யாரும் திறக்கப்போவதில்லை. காப்பாற்ற வேண்டும் என்றால் மாற்றி எழுத வேண்டும். மாற்றி எழுதினால் ஐந்து லூப்பும் போய்விடும். நீ எழுதியது வேலை செய்ய வேண்டும் என்று உன் அம்மா கேட்டார். நீ எழுதியதை எடுத்தால்தான் வேலையே நடக்கும் போல இருந்தது.

அடுத்த நாள் கடையில் யாரோ ஒருவருடைய போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தேன். புதுக் கண்ணாடி சரியாகப் பொருந்துகிறதா என்று பழையதை மேலே வைத்து அளந்து பார்ப்போம் இல்லையா, அப்படி வைத்த கையோடு அப்படியே நின்றுவிட்டேன். "என்னாச்சு, உடைஞ்சிருச்சா?" என்று வாடிக்கையாளர் பதறினார். "இல்ல சார், கிடைச்சிருச்சு!" என்றேன். பாவம், அவருக்கு என்ன புரிந்திருக்கும்.

யோசனை இதுதான். உன் லூப்களை அழிக்க வேண்டாம். ஒரு எழுத்துகூட மாற்றாமல் சோதனைப் பக்கத்துக்குத் தூக்கிவிடலாம். போன வருஷத்து விவரங்களை இரண்டு பேருக்கும் கொடுக்கலாம். நீ உன் படிக்கட்டில் ஏறி ஒரு விடை சொல். நான் என் பெல்ட்டில் நின்று ஒரு விடை சொல்கிறேன். இரண்டும் ஒத்துப்போனால் பச்சை. இல்லையென்றால் சிவப்பு. என் கோடு உன்னிடம் பாஸ் வாங்காமல் வெளியே போகவே கூடாது. அதில் பாஸ் ஆன பிறகு சர்க்கரை விதியையும் ஜூரோங்கையும் மேலே சேர்த்துக்கொள்ளலாம்.

புதன்கிழமை விடுப்பு எடுத்தேன். பஃபலோ சாலைப் பக்கத்துக் காப்பிக் கடையில், மின்விசிறிக்குக் கீழே, காலையிலேயே டிஷ்யூ பாக்கெட்டை வைத்து இடம் பிடித்து உட்கார்ந்தேன். எழுதினேன். ஊர்களை விரி. புளோக்குகளை விரி. மாடிகளை விரி. வீடுகளை விரி. முதியவர் வீட்டை மட்டும் வடிகட்டி எடு. பக்கத்து வீடுகளைச் சேர். திரும்ப வந்ததை நீக்கு. அவ்வளவுதான்! இடது ஓரத்தில் நேராக, ஒன்றின் கீழ் ஒன்றாக, ரசம் வைக்கச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி, மேலிருந்து கீழே வாசித்தால் புரிகிற கோடு. எனக்கு என்னைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. படம் எடுத்து உனக்கு அனுப்பப் போய்விட்டேன். பூனைப் படம் வரைக்கும் விரல் போய், நின்றது.

சரி என்று சோதனையை ஓட விட்டேன்.

சிவப்பு.

ஒரு வீடு குறைந்தது. உன் விடையில் இருந்த ஒரே ஒரு வீடு என் விடையில் இல்லை. எனக்கு என்ன தோன்றியது என்று நினைக்கிறாய்? சிரிப்புதான் வந்தது. அம்மணி தப்பு செய்திருக்கிறாய், ஐந்து லூப் எழுதினால் அப்படித்தான், எங்கேயோ ஒரு வீட்டுக்கு இரண்டு தடவை கொடுத்திருக்கிறாய் என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு தேட ஆரம்பித்தேன். அது எந்த வீடு என்று திரையில் எழுதச் சொன்னேன்.

புக்கிட் பாஞ்சாங்கில் இருக்கும் மாக்சிக் வீடு.

உனக்கு ஞாபகம் இருக்கும். எதிர்பாராத ஒரு மழையில் நீயும் நானும் சேர்ந்து கொண்டுபோய்க் கொடுத்த வீடு. தனியாக இருக்கும் ஒரு தாத்தாவுக்குப் பக்கத்து வீட்டுக்காரர், மலாய்க்கார மூதாட்டி; மலாயில் அத்தையைக் கூப்பிடுவது போல மாக்சிக் என்போம். முறுக்கு டப்பாவை ஒருநாளும் வெறுமையாகத் திருப்பித் தரமாட்டார். அதில் கூவே என்கிற மலாய் இனிப்பு ஏதாவது நிரப்பித்தான் தருவார். பச்சை நிறத்தில், தேங்காய்ப்பூ தூவி. இரண்டு தடவை எல்லாம் இல்லை, ஒரே தடவை, சரியாகத்தான் கொடுத்திருந்தாய். என் அழகான, நேரான, ரசம் போன்ற கோடு அவரைத்தான் கைவிட்டிருந்தது.

ஏன்? தலையைப் பிய்த்துக்கொண்டேன். காப்பி ஆறியது. பிறகு கதவு எண்ணைப் பார்த்தேன். அதே எண் புக்கிட் பாத்தோக்கிலும் இருந்தது. அதே மாடி, அதே வீட்டு எண், வேறு ஊர், வேறு புளோக். என் பெல்ட்டில் ஊரையும் புளோக்கையும் விரித்துக்கொண்டே வந்த நான், விரிக்க விரிக்க அவற்றை உதறிவிட்டேன். கடைசியில் பெல்ட்டில் வந்தவை வெறும் கதவு எண்கள். இரண்டு ஊர், ஒரே எண். 'திரும்ப வந்ததை நீக்கு' என்றதும், பின்னால் வந்த மாக்சிக் போய்விட்டார்.

பெட்டியில் டேக் இல்லை.

உன் கூடையைக் கிண்டலடித்தேனே! மாடிக்கு ஒரு கூடை எடுத்ததால்தான் உனக்கு இந்தத் தப்பு நேரவே வழியில்லை. எந்த ஊரில், எந்த புளோக்கில், எந்த மாடியில் நின்று கூடையைப் பிடித்திருக்கிறாய் என்று உன் கோடுக்குத் தெரியும். படிக்கட்டுக்கு அது எப்போதும் தெரியும். பாய்ந்து வருகிற எனக்குத்தான் யாராவது சொல்ல வேண்டும்.

மாற்றினேன். ஒவ்வொரு கதவும் தன் ஊரையும் புளோக்கையும் தன்னோடு தூக்கிக்கொண்டு வருமாறு. முழு முகவரியோடு வா, அப்போதுதான் நீ திரும்ப வந்தவனா புதியவனா என்று முடிவு செய்வேன் என்று எழுதினேன். சின்ன மாற்றம்தான். லூப்புக்குத் திரும்பவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்! ஸ்ட்ரீம் ஸ்ட்ரீமாகவே இருந்தது. டேக் மட்டும் கட்டினேன்.

ஓட விட்டேன். உன் லூப்கள் ஓடின. ஊருக்குள் போய், புளோக்குக்குள் போய், மாடி ஏறி, கதவு கதவாகத் தட்டி. என் பெல்ட் ஓடியது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்தன.

பச்சை!

"யெஸ்ஸ்ஸ்ஸ்!"

கத்தியே விட்டேன். பக்கத்து மேசை அங்கிள் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார்.

"என்னம்மா, ஃபோர் டி லாட்டரி அடிச்சிருச்சா?"

"அதைவிடப் பெருசு அங்கிள்!"

"டோட்டோவா? எந்த நம்பர்? சொல்லு, சொல்லு."

அவரிடம் என்ன சொல்வது. மாக்சிக் வீட்டு எண்ணைச் சொல்லிவிட்டு வந்தேன். வாங்கியிருந்தால் ஆண்டவன் விட்ட வழி.

சர்க்கரை விதி ஒரு வரி. வடிகட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு வடிகட்டி, அவ்வளவுதான். வேறு எதுவும் அசையவில்லை. வியாழக்கிழமை சாயந்திரம் செல்வி அக்கா வீட்டில், எண்ணெய்ச் சட்டிக்கு எட்டாத தூரத்தில் லேப்டாப்பை வைத்து, அவர் கண் முன்னாலேயே ஜூரோங்கைச் சேர்த்தேன். ஊர்களின் வரிசையில் ஒரு பெயர்.

"ம், ஆரம்பி" என்றார்.

"முடிஞ்சுதுக்கா."

"என்ன முடிஞ்சுது?"

"ஜூரோங் வந்தாச்சு. பாருங்க."

அவர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, கதவு கதவாக வாசித்தார். சர்க்கரைக்காரர்களை ஒவ்வொருவராகத் தேடிச் சரி பார்த்தார். பார்த்து முடித்து என்னைப் பார்த்தார். "இவ்வளவுதானா? இதுக்கா ரெண்டு வாரம் என் உயிரை எடுத்த?" என்றார். சொல்லிவிட்டு என் வாயில் ஒரு சூடான அதிரசத்தைத் திணித்தார். நாக்கு சுட்டுவிட்டது. செல்வி அக்காவின் பாராட்டு எப்போதும் அப்படித்தானே. இந்த வருஷம் வாய்ஸ் மெசேஜ் ஒன்றே ஒன்றுதான் வந்தது, "எல்லாரும் வந்து ஏலக்கா டீ குடிச்சிட்டுக் கிளம்புங்க" என்று.

பலகாரம் வேன் வேனாகப் போனது, ஏய். ஒரு கதவும் தவறவில்லை, எந்தக் கதவையும் இரண்டு பேர் தட்டவில்லை. மாக்சிக் வீட்டுக்கு நானே போனேன், வேறு யாரையும் விடவில்லை. கதவைத் திறந்து எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். உன்னைத்தான். நான் சொன்னேன், எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில். அவர் என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். பிறகு உள்ளே போய் டப்பாவை நிரப்பி எடுத்து வந்தார்.

அதை வைத்துக்கொண்டு நேரே உன் அம்மாவிடம் போனேன். லேப்டாப்பைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இது நான் எழுதினது ஆன்ட்டி. இது அவ எழுதினது, அப்படியே இருக்கு. ரெண்டையும் இப்ப ஓட விடறேன் பாருங்க."

உன் அம்மா திரையைத் தொடுகிற தூரத்தில் குனிந்து பார்த்தார். வரிகள் ஓடின. பச்சை வந்தது.

"என்ன பச்சை இது?"

"அவளும் நானும் ஒரே பதில் சொல்லியிருக்கோம். ஒத்துப்போனாதான் பச்சை வரும்."

"ஒத்துப்போகாட்டி?"

"அவ சொல்றதுதான் சரின்னு நான் திருத்திக்கணும்."

உன் அம்மா முதல் தடவையாகச் சிரித்தார். "வீட்டிலயும் அவள் அப்பிடித்தான்" என்றார். இன்னொரு தடவை ஓட விடச் சொன்னார். பிறகு இன்னொரு தடவை. மாக்சிக் கொடுத்த கூவேயைச் சாப்பிட்டுக்கொண்டே உன் லூப்கள் மாடி மாடியாக ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நீ என்னிடம் விட்டுப்போனது இதுதான் என்று நினைக்கிறேன். நான் பாய்கிற ஆள். புதுசு எதைக் கண்டாலும் குதிப்பேன், நெருப்பு ஸ்டிக்கர் வைப்பேன், அது மாறப்போவதில்லை. ஆனால் இப்போது எதை விரித்தாலும், எதை நேராக்கினாலும், அது எங்கிருந்து வந்தது என்பதை அதன் முதுகிலேயே கட்டி அனுப்புகிறேன். பழையதைத் தூக்கி எறிகிற முன்னால் அதனிடம் ஒரு தடவை விடை கேட்கிறேன். ஆச்சரியமாக, பல நேரம் அதற்கு விடை தெரிந்திருக்கிறது.

கடைசியாக ஒன்று, அதற்காகத்தான் இன்று உட்கார்ந்தேன். ஜூரோங்கிலிருந்து ஒரு பெண் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். என்னைவிடச் சின்னவள், என்னைவிட வேகம். நேற்று என் வரிகளையே இன்னும் சுருக்குகிறேன் என்று மாற்றி அனுப்பியிருந்தாள். சிவப்பு விழுந்துவிட்டது. உடனே மெசேஜ்.

"அக்கா, டெஸ்ட்ல ஒரு பழைய கோடு இருக்கு, அஞ்சு லூப்பு. நான் என்ன அனுப்பினாலும் விடவே மாட்டேங்குது. ரொம்ப ஸ்ட்ரிக்ட் லா. யார் எழுதினது? தூக்கிடலாமா?"

"தூக்க முடியாது" என்று பதில் போட்டேன். "அது என் ஃப்ரெண்டு. அவ சரின்னு சொன்னாதான் எதுவும் உள்ள போகும்."

அவள் மறுபடி ஓட விட்டுப் பார்த்திருக்கிறாள். பிறகு வந்தது:

"அக்கா, அவங்க சொன்னது சரி. நான் ஒரு மாடியை விட்டுட்டேன். அவங்களுக்கு தேங்க்ஸ் சொல்லிடுங்க."

சொல்லிவிட்டேன்.